இரண்டு தாள்களில் ஒரே சுழி

மீன் கழுவிய தண்ணீர் வெயிலில் காயும் மணம் வந்தால் இன்றும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பலேர்மோ நகரின் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், அந்த மணம் ஜன்னல் வழியே அடித்துக்கொண்டிருந்த ஜூன் காலையில்தான், கணக்குத் தேர்வில் கள்ளக்குறி போட்டதாகச் சொல்லி, தாளைக் கொடுத்துவிட்டு நின்ற என்னைத் தனியே கூட்டிப் போனார்கள்.

விஞ்ஞான உயர்பள்ளியில் சேர்வதற்கான அந்த 'எசாமே' என்ற தேர்வில், தாளில் பெயர் எழுதக் கூடாது. எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் தாள் தள்ளுபடி. பலேர்மோவிலேயே பிறந்த எனக்கு அது நன்றாகத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா, எதை எழுத உட்கார்ந்தாலும் "முதல்ல சுழியைப் போடு பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததில், தாளின் தலையில் பிள்ளையார் சுழி தானாக விழுந்திருந்தது. அதோடு நின்றிருந்தால் தப்பியிருக்கலாம். நகரின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவிலிருந்து வந்திருந்த துவாரகன், நான் அதுவரை முகம்கூடப் பார்த்திராத வன்னிக் குடும்பத்துப் 'பெடியன்', தன் தாளிலும் அதே சுழியைப் போட்டிருந்தான். இருவரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்ததால் விடைகளும் ஒன்றாகவே இருந்தன.

தலைமைத் தேர்வாளரான ஆசிரியை இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, இது இரண்டா, இதன் பெறுமதி என்ன, யாருக்குக் காட்டப் போட்டாய் என்று கேட்டார். பெறுமதி இல்லை, தொடங்குமுன் கடவுளுக்குப் போடுவது என்றேன். பக்கத்து அறையில் துவாரகனோ, ஏனென்று தெரியாது, வீட்டில் கடைச் சாமான் எழுதும் துண்டுக்கும் அம்மா போடுவா என்று சொல்லியிருந்தான். எங்கள் இருவர் சொல்லும் பொருந்தவில்லை. அந்தப் பள்ளி கைவிட்டுப் போகிறது என்று பயந்தேன்.

மறுநாள் வாய்மொழித் தேர்வுக்கு நான் எடுத்திருந்த பொருள், சமக்குறியைத் தந்தவரின் வாழ்க்கை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வேல்ஸில் பிறந்த மருத்துவர் அவர். 'சமன்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லில் எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமான இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறில்லை என்று அவற்றையே வரைந்துவிட்டார். நெடுங்காலம் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பெரிய இடத்து ஆள் ஒருவர்மேல் குற்றம் சொல்லி, அந்த ஆள் போட்ட அவதூறு வழக்கில் தோற்று, மருத்துவர் சிறையிலேயே செத்துப்போனார். கோடு போட்டதற்காக அவர் சிறைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னை உட்காரவைத்திருந்த அந்த நாற்காலியில், மற்றவர்களுக்குத் தெரியாத குறி போடுகிறவர்களுக்கு இதுதான் கதி என்றே பட்டது.

அம்மாவை அழைத்தார்கள். பழைய நகர்ப்பகுதியான கால்சாவில் 'சினோரா' என்று அழைக்கும் வயதான அம்மையார் ஒருவரின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கையில் பிளீச் மணத்தோடு ஓடிவந்தார்.

"என்ன பிழை விட்டனீ?"

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. சுழிதான் போட்டனான்."

ஆசிரியை ஒரு வெற்றுத்தாளை நீட்டி, பெயரையும் எனக்கு என்ன உறவென்பதையும் எழுதித் தரச் சொன்னார். அம்மா பேனையை வாங்கிக் குனிந்தார். பெயருக்கு முன்னால், தாளின் தலையில், ஒரு சுழி போட்டார்.

ஆசிரியை அந்தத் தாளை எடுத்து மற்ற இரண்டோடும் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, உங்கள் ஆட்கள் எல்லாருமே இப்படித்தானா என்று கேட்டார்.

"ஓம் சினோரா, எல்லாரும்தான்," என்று அம்மா தமிழிலேயே சொல்லிவிட்டார். ஆசிரியைக்கு விளங்கியிருக்க வேண்டும்.

தாள்கள் தப்பின. ஆனால் விதி விதிதானே, இருவரும் சுழியைப் பேனையால் அடித்து மூட வேண்டும் என்றார்கள். எனக்குக் கை எழவில்லை.

"வெட்டு பிள்ளை. பிள்ளையார் கோவிக்கமாட்டார்," என்றார் அம்மா.

வெட்டினேன். அந்த வலி இன்னும் இருக்கிறது.

வுச்சீரியாவில் இப்போது மீன்கடைகளைவிட மதுக்கடைகள்தான் அதிகம். நான் இதே நகரில் கணக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பாதிக் கணக்கைத் திரையில் தட்டிவிடுகிறார்கள். சிறையில் செத்த மனிதரின் கோடுகளை நாள் முழுவதும் பலகையில் போடுகிறேன், உலகமே போடுகிறது. அன்றைக்கு வெட்டியபின் என் கை சுழி போட்டதில்லை. அம்மா கடைசிவரை போட்டுக்கொண்டிருந்தார். இப்போது எங்கள் வீட்டில் அதைப் போட ஆளில்லை.