வெயில் தீவுக்கு ஒரு குளிர் ஜக்கெற்

கரீபியன் தீவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். வீடு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், வேலை ஒரு நூலகத்தில். பயணப் புத்தக அலுமாரி என் மேசைக்குப் பின்னால் இருந்தது. குளிர்நாட்டு எழுத்தாளர்கள் அந்தத் தீவுகளில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ஒரு புத்தகத்தோடு திரும்புவார்கள். வெயிலுக்கு நாலு பக்கம், தென்னைக்கு இரண்டு பக்கம்! சித்திரை வெயிலில் சாவகச்சேரிச் சந்தையில் வந்து நிற்கட்டும், நாலு வரியோடு அடங்கிவிடுவார்கள் என்று கேலி செய்வேன். ஆனாலும் விடாமல் படித்தேன். அந்தக் கடலின் நிறத்தை ஒருவர் எழுதியதுபோல் மற்றவர் எழுதவில்லை. அதற்காகவே அடுத்த புத்தகத்தையும் எடுப்பேன்.

அந்தப் படிப்பு இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை. தம்பி கனடாவுக்கு வெளிக்கிட்டான். களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொன்ன வழி, முதலில் சுற்றுலாப் பயணியாக ஒரு கரீபியன் தீவில் இறங்குவது, அங்கிருந்து களவாகப் படகில் அடுத்த கரை, பிறகு தரைவழியே கனடா. படகு என்றதும் வேண்டவே வேண்டாம் என்றேன். கிணற்றடியைத் தவிர வேறு தண்ணீர் கண்டறியாதவன் அவன். நீந்தத் தெரியாது. சண்டை பிடித்தேன், அழுதேன். அவன் அசையவில்லை. சரி, போய்த் தொலைவதுதான் என்றால் விமான நிலையத்தில் பிடிபட்டுச் சிறைக்குப் போகாமலாவது போகட்டும் என்று நானே பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன்.

பின்னேரங்களில் நான் அதிகாரி, அவன் பயணி.

“ஏன் இஞ்சை வந்தனீர்?”

“கடலும் வெயிலும் பாக்க.”

“விசரா! யாழ்ப்பாணத்தான் வெயில் பாக்கப் பிளேன் ஏறுவானே? உடனை பிடிச்சுப்போடுவாங்கள்.”

பிறகு பவளப்பாறை, நிறம் நிறமான மீன்கள், பழைய கோட்டை என்று ஆங்கிலத்தில் பாடமாக்க வைத்தேன். அரைக்காற்சட்டை, வெயில் கண்ணாடி, ரப்பர் செருப்பு எல்லாம் நானே பார்த்துப் பார்த்து அடுக்கினேன். ஊரில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. போய்ச் சேரமுதல் வெளியே சொன்னால் கண்ணூறு, நாவூறு படும். கேட்டவர்களுக்குக் கொழும்புக்கு என்றோம்.

அவன் விமானம் ஏறிய அடுத்தநாள் காலை, அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்.

“பிள்ளை, கனடாக் குளிர் அவனுக்குத் தாங்காது. வெளிநாட்டிலையிருந்து வந்த மாமா விட்டிட்டுப் போன குளிர் ஜக்கெற்றைப் பெட்டிக்கு அடியிலை வைச்சு விட்டனான்.”

நான் பாய்ந்து எழும்பினேன்.

“என்ன கோதாரி வேலை பாத்தனீங்கள் அம்மா! கடற்கரை பாக்கப் போறவன்ரை பெட்டிக்கை பனிக்குப் போடுற ஜக்கெற்றோ? திறந்து பாத்தால் அவன்ரை கதை முடிஞ்சுது!”

“ஏன்? அவன் கனடாவுக்குத்தானே போறான்?”

அம்மாவின் கணக்கில் நடுவில் ஒரு தீவே இல்லை. எங்கள் ஊரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய எல்லாருக்கும் அப்படித்தான். பிள்ளை போய்ச் சேருகிற இடத்தை மட்டும்தான் பேசுவார்கள். தம்பியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். அந்தப் பெட்டியை ஒருவரும் திறக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அழைப்பு வந்தது.

“அக்கா, வந்திட்டன். அவங்கள் பெட்டியைத் திறந்து பாக்கேல்லை.”

அப்பாடா என்று நிலத்திலேயே இருந்துவிட்டேன். கடற்கரையில் வெயில் கண்ணாடியோடு நிற்கிற படமும் அனுப்பியிருந்தான். “நீ வாசிச்சுச் சொன்னதிலும் வடிவு அக்கா” என்றான்.

“அப்ப நாலு நாள் சுத்திப் பாத்திட்டுத் திரும்பி வாடா. திரும்புற ரிக்கற் இருக்குத்தானே?”

சிரித்தான். “சுத்திப் பாக்கவே வந்தனான்? நாளைக்குப் படகு. கடலிலை குளிருமாம். நல்ல காலம், அம்மா ஜக்கெற் வைச்சவ.”

“ஐயோ, அதைப் போட்டுக்கொண்டு ஏறாதை! தண்ணியிலை நனைஞ்சால் உன்னைக் கீழை இழுத்துப்போடும்!”

அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அவனுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

பிறகு ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. நூலகத்தில் அந்த அலுமாரிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அட்டைகளில் எல்லாம் அந்த நீலம்தான். ஒரு அலுவலாகக் குருநகர்ப் பக்கம் பஸ்ஸில் போனபோது கடல் தெரிகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். விமான நிலைய அதிகாரி பெட்டியைத் திறந்திருந்தால் தம்பியைத் திருப்பி அனுப்பியிருப்பான், இப்போது தம்பி வீட்டில் இருந்து சோறு தின்றுகொண்டிருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. திறக்கக்கூடாது என்று நேர்ந்தவள் நான்.

ஆறாம் நாள் தெரியாத ஒரு எண்ணிலிருந்து அழைப்பு. அவன் குரல் அவன் குரலாகவே இல்லை.

“அக்கா, கரைக்கு வந்திட்டன். கிட்ட வரேக்கை படகு பிரண்டது. நான் ஒரு வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்.”

“ஜக்கெற்?”

“நீ கத்தினது கேட்டது. அதாலை நான் போடேல்லை, கையிலை வைச்சிருந்தனான். படகிலை பக்கத்திலை ஒரு வயசுபோன ஆள் குளிரிலை நடுங்கிக்கொண்டு இருந்தவர். பாவமாய்க் கிடந்தது, அவருக்குப் போட்டு விட்டனான்.”

“அவர் எங்கையடா?”



“அவரைக் காணேல்லை அக்கா.”

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தார். “தம்பியே? சுகமாய்ச் சேந்திட்டானே? ஜக்கெற் உதவினதோ எண்டு கேள் பிள்ளை.”

“ஓம் அம்மா” என்றேன். “உதவினதாம்.”