அண்ணாவின் யன்னல்

அண்ணா, இலையுதிர்காலம் வந்துவிட்டது. முன்னால் நிற்கிற மரம் முழுக்க மஞ்சள். யூன் மாதம் வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தில் நீ போய்விட்டாய். அன்றைக்கு உன் அறை யன்னல் திறந்தபடி கிடந்தது. அம்மா அதைப் பிறகு யாரையும் பூட்ட விடவில்லை.

கோடையில் அது பெரிதாகத் தெரியவில்லை. செப்டெம்பர் முடிய இந்த ஜேர்மன் நகரத்தின், வுப்பர்டாலின், மழை தொடங்கியது. சாரல் உன் கட்டிலை நனைத்தது. அம்மா கட்டிலை மற்றச் சுவரோடு தள்ளிவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஜக்கெற் போட்டுக்கொண்டு அதில் இருந்தார். உன் படத்துக்கு முன்னால் ஏற்றுகிற விளக்கு காற்றில் அணையும். அம்மா திரும்ப ஏற்றுவார். அவருக்கு இருமலும் வந்துவிட்டது.

"அம்மா, யன்னலைப் பூட்டுவமே?"

"ஒரு வருசம் முடியுமட்டும் பிள்ளை வந்து போவான். பூட்டினா எப்பிடி வாறது?"

"உங்களுக்குச் சளி கட்டப்போகுது."

"கட்டட்டும்."

உண்மையைச் சொன்னால், பூட்ட எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவும் இல்லை, நீயும் இல்லை. அம்மாவும் படுத்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

குளிருக்கு வீட்டை ஆயத்தப்படுத்துகிறவன் நீதானே. குளிர் தொடங்குகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சின்னச் சாவியோடு அறை அறையாகப் போய், சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ஹைட்சுங்குக்குள் அடைபட்ட காற்றைத் திறந்து விடுவாய். ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வருவார். "நேர்ஸ், கோப்பை!" என்று டொக்டர் மாதிரிக் கையை நீட்டுவாய். சூடு வந்த பிறகு நான் யன்னலைத் திறந்தால் போதும், கத்துவாய்: "எடியே, தெருவுக்கே சூடு குடுக்கிறியோ? பூட்டடி!"

போன ஞாயிறு நான் அந்தச் சாவியை எடுத்தேன். குசினியில் கரண்டிகள் போட்டு வைக்கிற லாச்சிக்குள்தான் கிடந்தது. உன் அறையில் தொடங்கினேன். எவ்வளவு திருப்புவது என்று தெரியவில்லை. கோப்பையையும் மறந்துபோனேன். முதலில் காற்றுச் சீறியது. பிறகு கறுத்த தண்ணீர் பாய்ந்து சுவரெல்லாம், என் முகமெல்லாம் அடித்தது.

"அடி விசரி! மூடு, மூடு! வலப்பக்கம் திருப்பு!"

அம்மா கட்டிலிலிருந்து பாய்ந்து வந்தார். சாவியைப் பறித்து ஒரே திருப்பில் நிறுத்தினார்.

"இவ்வளவு வருசம் பாத்துக்கொண்டுதானே இருந்தனி? கோப்பை எங்கை?"

"மறந்திட்டன்."

"அவன் இருந்திருந்தா உன்னை உரிச்சிருப்பான். மூஞ்சையைப் பார், கரிச்சட்டி மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருந்து அழுதேன்.

பிறகு எழும்பிப் போய்க் கோப்பையை எடுத்துவந்தேன். அம்மா பிடித்தார், நான் மெல்லத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஹைட்சுங்கின் இரும்பு சூடாகத் தொடங்கியது. அம்மா உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தார். பிறகு யன்னலடிக்குப் போனார். கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"தெருவுக்குச் சூடு குடுத்தா அவனுக்குப் பிடிக்காது," என்றார்.

பூட்டினார். பூட்டிய பிறகும் கைப்பிடியை விடவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு உன் விளக்கு அணையவில்லை, அண்ணா. உன் அறை இப்போது சூடாக இருக்கிறது. நீ இருக்கிற இடம் எப்படியென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, தேவாலயத்துக்குப் போகிறவர்களோ, எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும், ஒரு நிமிடம் என் அண்ணாவுக்காகவும் கும்பிடுங்கள். அவனுக்குக் குளிரக்கூடாது.