திரித்த பால்

பெருநகர் என்னும் கிராமத்தில் ஒரு வெள்ளைக்கார நர்சம்மா வீட்டில் நான் சமையல் செய்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. பிறந்தநாளுக்குச் சர்க்கரை குறைத்து ஒரு கேக் வேண்டும் என்றார். பாலில் எலுமிச்சை பிழிந்து, திரிந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொன்னார்.

பாலைத் திரித்தாலோ தீயவிட்டாலோ மாட்டுக்கு மடி வற்றும் என்பார்கள் எங்கள் பக்கம். என் வீட்டுக்காரர் கூலிக்குப் போகும் பண்ணை வீட்டுப் பால் அது. ஆனாலும் திரித்தேன்.

மறுநாள் சலிக்காத கோதுமை மாவைப் பிசைந்து தட்டில் பரப்பினேன். துணியில் கட்டியிருந்த திரிந்த பாலில் முட்டையும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து மேலே ஊற்றி, தகர டின்னில் வைத்து மேலும் கீழும் தணல் போட்டேன். அப்போது பண்ணை வீட்டு மருமகள் கொல்லைப்புறமாக வந்தாள்.

"மாடு காலையில சுரக்கல. மாமியார் வூட்டையே ரெண்டாக்குறாங்க. நேத்து பால இன்னா பண்ண நீ?"

பொய் வரவில்லை. "திரிச்சிட்டம்மா. எங்க வூட்டுக்காரு வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

அவள் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து நானும் பால அடிபிடிக்க வுட்டுட்டேன்" என்றாள் மெதுவாக. "அதச் சொல்லாம பயந்துகினு கீறேன்."

கருகல் வாசனை வந்தது.

"உன்னுது தீயுது, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். பாலைத் தீயவிட்டது தான்தான் என்று மருமகளே ஒத்துக்கொண்டு வசவு வாங்கினாளாம். திரித்த பேச்சே எழவில்லை. மூன்றாம் நாள் மாடு கறந்தது.

என் பெயரைச் சொல்லியிருந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.