ஆயிரம் வாட் ஜாபர்

விருதுநகரில் ஜாபர் சாதிக் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆயிரம் வாட் ஜாபர் என்றால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அப்பாவின் வத்தல் மண்டியை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கல்யாண வீடியோ எடுக்க வந்த மனுஷர். ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தால்தான் அவருக்குப் படம். பதினொரு வருஷம் அதைப் பிடித்தவன் நான், சோணைமுத்து. பெண்ணும் மாப்பிள்ளையும் கண் கூசி அழுவார்கள். கேசட் பார்க்கிறவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுத்தால் முகம் மிருதுவாக விழும் என்று மதுரைக் கேமராக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஜாபர் பாய் அப்படி ஒரே ஒரு கல்யாணம் எடுத்தார். "எம்பொண்ணு கருப்பாத் தெரியிறா" என்று பெண்ணின் அப்பா சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார். அத்தோடு சரி. நம் ஆட்களுக்கு அழகு வேண்டாம், வெளுப்பு வேண்டும். எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்தான். "அவுக கேக்கிறதைக் குடுப்போம்லே, நம்ம என்ன கோர்ட்டா?" என்பார் பாய். யாரிடமும் கடுமையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்.

2004 ஆவணிக் கடைசியில் விஸ்வநத்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் சண்முகக்கனி. அப்பா இல்லை, அம்மா பத்திரகாளிதான் எல்லாம். மாப்பிள்ளைக்கு ஆலங்குளம், சிமெண்ட் ஆலையில் வேலை. போய் இறங்கியதுமே அந்த அம்மாள் எங்களை ஓரங்கட்டினார்.

"பாய், பிள்ளை கொஞ்சம் நிறம் கம்மி. பளிச்சுன்னு எடுத்துருங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் சிடி பாப்பாக."

வீட்டில் ஒரே கூடம். முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்திலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பின்னால் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. கதவின் அடியிடுக்கில் பழைய சேலையைச் செருகியிருந்தார்கள். எலித் தொல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாய் கை காட்டினார். விளக்கைப் போட்டேன்.

வெளிச்சத்துக்குள் தூசி மிதந்தது. தூசி எல்லா வீட்டிலும்தான் மிதக்கும். இது மினுங்கியது. வெள்ளி வெள்ளியாக, விளக்கின் சூட்டுக்கு மெல்ல மேலே எழும்பி, என் கையைச் சுற்றி வந்தது. எதிரே உட்கார்ந்தவர்களுக்குக் கண் கூசியதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பட்டாசு செய்கிற இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். புஸ்வாண மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. பின்னறையில் லைசென்ஸ் இல்லாமல் மருந்து அடைக்கிறார்கள். பட்டாசுக் கம்பெனியிலேயே மருந்து இருக்கும் அறைக்குள் டார்ச் விளக்கைக்கூட விடமாட்டார்கள். நான் அப்பளம் பொரிக்கிற சூட்டில் ஒரு விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, அணைலே," என்றார் பாய், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளக்கை அணைத்தபோது சுவிட்சுக்குள் நீலமாக ஒரு பொறி வெட்டியது. ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு நொடி இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பாய் பத்திரகாளியை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

"அக்கா, பின்னாடி ரூம்ல மருந்து இருக்கா?"

"சத்தம் போடாதீக பாய். நானும் பிள்ளையுந்தான் அடைக்கோம். மருந்து வேலை பாத்த பிள்ளை வேண்டாம்னு சம்பந்தியம்மா கண்டிசனாச் சொல்லிட்டாக. அவுக தங்கச்சி பட்டாசுக் கம்பெனியில கருகிப் போனவ. எம்பிள்ளை வேலைக்கே போனதில்லன்னு சொல்லித்தான் இங்கன வரைக்கும் கொண்டு வந்திருக்கேன். தெரிஞ்சா அம்புட்டும் போச்சு. நீங்க லைட்டைப் போடுங்க. ரெண்டு வருசமா இதுக்குள்ளதான் படுத்து எந்திரிக்கோம், ஒண்ணும் ஆகாது."

பாய் கூடத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "பல்பு போயிருச்சுங்க. எல்லாரும் வெளிய வாங்க. இப்ப மெட்ராஸ்ல எல்லாம் வெயில்லதான் எடுக்காக."

முப்பது பேரும் எழுந்து வெளியே போனார்கள். உயிரும் தப்பியது, மானமும் தப்பியது. எனக்குப் பாயைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

உச்சி வெயில். மாப்பிள்ளையின் அம்மா லட்சுமிகாந்தம் பெண்ணுக்குப் பூ வைக்க வந்தார். சண்முகக்கனி தலையைக் குனிந்தாள். வெயில் நேரே அவள் வகிட்டில் இறங்கியது. எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்திருப்பாளோ, வகிட்டிலும் காதோரத்திலும் வெள்ளி மினுங்கியது. லட்சுமிகாந்தத்தின் கை நின்றுவிட்டது. ஆள்காட்டி விரலால் வகிட்டைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தங்கச்சி தலையும் இப்படித்தான் இருக்கும்," என்றார்.

கோபப்படவில்லை. அழுதார். பூவைத் தட்டிலேயே வைத்துவிட்டு வேனில் போய் ஏறினார். கால் மணி நேரத்தில் ஆலங்குளத்துக்காரர்கள் ஒருத்தர் மிச்சமில்லை. சொந்தக்காரர்களும் சாப்பிடாமல் கலைந்தார்கள்.

பாய் கேமராவைப் பையில் வைத்தார். பத்திரகாளி எதிரே வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உள்ள உங்க லைட்டுலயே எடுத்திருக்கலாம்ல பாய். அதுல எல்லாம் வெளுத்துப்போயிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"முப்பது பேரு இருந்தாகக்கா."

"எனக்கு ஒரு பிள்ளைதான இருக்கு," என்றார் அவர்.

சண்முகக்கனி அழுது முடித்து முகம் கழுவி, பட்டுச் சேலையை மாற்றிப் பழைய நைட்டியோடு வந்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை லோடு போகணும்," என்றாள். மடியிலிருந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்தார் பத்திரகாளி. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அடியிடுக்கில் சேலை மறுபடியும் செருகப்படுவது தெரிந்தது.

நான் வெளியே வந்து வண்டியை உதைக்கக் காலைத் தூக்கினேன். பாய் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கன கிளப்பாதலே," என்றார். தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம்.