மூன்றாம் உலையின் உப்பு

ஆயிரத்து அறுநூற்று ஐம்பது டிகிரி. தொக்கியேதா மசனோரிக்கு மனப்பாடமான ஒரே எண் இதுதான். கல்யாண நாளைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். சொந்தக் கைப்பேசி எண்ணைக் கேட்டால் பையைத் துழாவுவார். உலையின் சூட்டை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஜப்பானின் யாமகுச்சிக் கடலோரத்து எங்கள் ஊர் ஆலையில், மூன்றாம் உலையை முதன்முதலாக மூட்டிய நாளிலிருந்து அது அவர் பொறுப்பு. மாவு மாதிரியான வெள்ளை அலுமினாவோடு கரித்தூளைக் கலந்து, தட்டுத் தட்டாக உள்ளே அடுக்கி, நைட்ரஜனைச் செலுத்திச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் கரி, அலுமினாவிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாக ஓடிவிடும். காலியான இடத்தில் நைட்ரஜன் வந்து உட்காரும். மிஞ்சிய கரியை இன்னொரு அடுப்பில் எரித்துவிட்டால் கிடைப்பது அலுமினியம் நைட்ரைடு. கணினிச் சில்லுகளின் சூட்டை இழுத்து வெளியேற்றும் தகடுகளுக்கு இந்தத் தூள்தான் மூலப்பொருள்.

அதில் வேறெதுவும் கலக்கக் கூடாது. பெண்கள் முகப்பவுடர் பூசி வரக் கூடாது, ஆண்கள் தலைக்குக் கிரீம் தடவி வரக் கூடாது என்பவை ஆலை விதிகள். இரண்டாவது விதியைத் தொக்கியேதா ஒருநாளும் மீறியதில்லை. மீறுவதற்கு அவர் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். பழையவர்களைவிடப் பல மடங்கு கறார். பத்து லட்சம் பங்கு தூளில் சோடியம் பத்துப் பங்கைத் தாண்டக் கூடாது என்றார். மூன்று தொகுதி அனுப்புங்கள், அவற்றில் ஒன்றேனும் தேறினால் பார்க்கலாம் என்றார். தேறாவிட்டால் மூன்றாம் உலையை அணைத்துவிடுவார்கள், தொக்கியேதா மூட்டை கட்டும் கொட்டகைக்குப் போக வேண்டும். மேலாளர் கஜிதானி இதை மென்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று முழுக்க தொக்கியேதா உலையை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுக்குக்கூட அவர் வராதது ஆலையில் பெரிய செய்தி.

முதல் தொகுதியில் நாற்பது பங்கு சோடியம். பரிசோதனைக் கூடத்து உபுகதா நகிசா முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உலைக்கே வந்துவிட்டார்.

"தொக்கியேதா-சான், உங்க தூள்ல கடல் வாசனை அடிக்குது."

"இது உலைம்மா, கப்பல் இல்ல."

"அப்போ மீன் ஏதாச்சும் சுட்டீங்களா உள்ள?"

"சுட்டிருந்தா உன்னைக் கூப்பிடாமலா சாப்பிட்டிருப்பேன்?"

கழுவும் தண்ணீரைச் சோதித்தார்கள். கையுறையை, சல்லடையை, நைட்ரஜனைச் சோதித்தார்கள். எல்லாம் சுத்தம். கடைசியில் சந்தேகம் மனிதர்மேல் திரும்பியது. தொக்கியேதாவின் வியர்வையா? அவர் தினமும் சோற்றோடு சாப்பிடும் உப்புப் பிளம் ஊறுகாயா? மறுநாளே ஊறுகாயை விட்டார். உப்புக் கரிக்கும் மிசோ சூப்பையும் விட்டார். மனைவி சுமிஹோ சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

"ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைங்கன்னு எத்தனை வருஷமாக் கத்தறேன்! பொண்டாட்டி சொன்னா ஏறாது. பொடி சொன்னா ஏறுது!"

"பொடி கத்தல சுமிஹோ. மெதுவாத்தான் சொல்லிச்சு."

இரண்டாம் தொகுதியில் அறுபது பங்கு.

மூன்றாம் தொகுதி உலையிலிருந்து இறங்கி, கரியும் எரிந்து, தூள் கொட்டும் அறையில் தட்டுகள் மூடியோடு ஆறிக் கிடந்தன. தூளைக் கொட்டும்போது தானே நின்று பார்ப்பேன் என்று உபுகதா பிடிவாதமாக வந்தார். தொக்கியேதா அந்த அறைக்குள் நுழைந்தார். சுவரின் உச்சியிலிருந்த சாமி மாடத்தைப் பார்த்து இருமுறை குனிந்தார், இருமுறை கை தட்டினார், மறுபடி குனிந்தார். கூடவே உபுகதாவும் பழக்கதோஷத்தில் குனிந்து எழுந்தார். எழுந்து பார்த்தால், தொக்கியேதாவின் கை மாடத்துக்குக் கீழிருந்த ஒரு கிண்ணத்திலிருந்து எதையோ அள்ளிக்கொண்டு தட்டுகளின் பக்கம் வந்துகொண்டிருந்தது.

உபுகதா அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன அது?"

"உப்பு."

"தொக்கியேதா-சான்!"

"தீட்டுக் கழிக்கத்தாம்மா. எப்பவும் மாடத்துக்குக் கீழ ஒரு குவியல் வைப்பேன். முதல் தொகுதி கெட்டதும் குவியலைப் பெருசாக்கினேன். அப்பவும் தேறலையா, அதான் இதுல ரெண்டு சிட்டிகை தூவிடலாம்னு வந்தேன். ஈரம் பிடிக்கக் கூடாதுன்னு உலை மேல வறுத்து, நைசா இடிச்சு…"

"உப்புன்னா சோடியம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? ஆனா இது சமையல் உப்பு இல்லையே, சாமி உப்பு!"

"என் மெஷினுக்கு சாமி உப்பு, சமையல் உப்பெல்லாம் தெரியாது!"

அறையின் விசிறி மாடத்தை உரசித்தான் காற்றை இழுத்து, கீழிருந்த உப்புத் தூளைத் தட்டுகள் பக்கம் அடித்திருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் இவ்வளவு நுணுகிப் பார்க்காததால், அந்த உப்பு இத்தனை காலமும் யார் கண்ணிலும் படவில்லை. நீரைச் சந்தேகித்தவர்கள், வியர்வையைச் சந்தேகித்தவர்கள், சாமியை மட்டும் சந்தேகிக்கவில்லை. தினமும் காலையில் அதே மாடத்துக்குக் கும்பிடு போடும் கஜிதானியும்தான்.

தட்டுகளைத் திறக்காமல் வெளியே எடுத்தார்கள். அறையைக் கூரையிலிருந்து தரைவரை கழுவினார்கள். மாடத்தை என்ன செய்வது? எடுத்துவிடச் சொல்ல கஜிதானிக்குத் தைரியம் இல்லை. மலையடிக் கோயில் பூசாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார், முதுகை வளைத்தபடியே பேசினார்.

"உப்பைக் கதவுக்கு வெளியில வைங்க," என்றார் பூசாரி. "சாமிக்கு அங்கேயும் தெரியும்."

"தூவாம இருந்தா குத்தம் ஆகாதா?"

"என் டாக்டர் என்கிட்ட தினமும் அதைத்தான் சொல்றார், தூவாதீங்கன்னு."

கிண்ணம் சைக்கிள் கொட்டகைப் பக்கத்து வாசலுக்குப் போனது. அறை உலர்ந்ததும் மூன்றாம் தொகுதியைக் கொட்டினார்கள். தொக்கியேதாவை அன்று உள்ளே விடவில்லை. கைகளைக் கழுவிக் கழுவிச் சிவக்க வைத்துக்கொண்டு, பரிசோதனைக் கூடத்து வாசலில் நின்றார். கதவு திறந்தபோது முகத்தைப் பார்க்கத் துணியாமல் உபுகதாவின் செருப்பைப் பார்த்தார்.

"ஆறு," என்றார் உபுகதா.

"பத்துக்குள்ளயா?"

"ஆறு எப்பவும் பத்துக்குள்ளதான் தொக்கியேதா-சான்."

தொக்கியேதா நேரே சைக்கிள் கொட்டகைப் பக்கத்து வாசலுக்குப் போனார். அங்கிருந்த கிண்ணத்தைப் பார்த்து இருமுறை குனிந்தார், இருமுறை கை தட்டினார், மறுபடி குனிந்தார்.

வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ஏப்ரலில் வெப்பக் கம்பிகளை மாற்ற மூன்றாம் உலையை ஒரு வாரம் அணைக்கிறார்கள். மே மாத முதல் தொகுதியைத் தொக்கியேதா மசனோரி ஏற்றுகிறார்.