அணுகுண்டு மனுவில் வைத்த விரல்

அணுகுண்டு வேண்டாம் என்ற மனுவில் எங்கள் தோட்டத்து ஆட்களிடம் கைநாட்டு வாங்கியவன் நான். அதைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் என்று பலர் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். எங்கள் மக்களின் ஓட்டுரிமை பறிபோய், இலங்கைக் குடிமக்களாகப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடும் காலம் அது. ஹட்டனில் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரம்மா, டாக்டர்களையும் நர்ஸ்மாரையும் எங்களைப் போன்றவர்களையும் கூட்டி, ஜப்பானில் விழுந்த குண்டைப் பற்றிப் பேசினார். தீக்காயத்துக்கு மருந்தில்லாமல், மருந்து போட ஆளுமில்லாமல் ஒரு நகரமே கிடந்ததைச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்திவிட்டுக் கையொப்பம் வாங்கும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்.

எனக்கோ மற்றத் தோட்டங்களைவிட அதிகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆசை. காலையில் மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களிடம் மை டப்பாவை நீட்டினேன். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு கொழுந்தெடுக்கும் பெண் கேட்டார்.

“பிரஜாவுரிமைக்குங்களா, டாக்டரய்யா?”

“நல்லதுக்குத்தான். வைங்க.”

வைத்தார். பல மாதங்கள் கழித்து, பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர், “நம்ம பிரஜாவுரிமைக்குப் பதில் ஏதும் வந்துச்சுங்களா?” என்றார். மற்றவர்கள் ஹட்டனுக்குப் போய் மனுக் கொடுத்தபோது, டாக்டரய்யாவிடமே கை வைத்தாயிற்று என்று இவர் மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது மனுக் கொடுக்கும் தவணை முடிந்திருந்தது.

அன்றே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எங்கள் தோட்டத்துத் தாள்களை மனுவிலிருந்து எடுத்துவிடும்படி, கொழும்பில் அதைச் சேர்ப்பவர்களுக்கு எழுதினார். “ஞாயித்துக்கிழமை நானும் வாறேன். லயம் லயமாப் போய் நீங்களே சொல்லுங்க,” என்றார்.

லயத்து வரிசை வீடுகளின் முன்னால் நின்று குண்டைப் பற்றியும் சொன்னேன், என் தவறையும் சொன்னேன். ஒரு கிழவர், “நம்ம லயத்த இடிக்கக் குண்டு எதுக்குங்க, அடுத்த மழையே பாத்துக்கும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“அங்க பச்சப் புள்ளைகளும் செத்துச்சுங்களா?” என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

“ஆமாம்மா.”

அந்தப் பெண் புது மனுத் தாளை முழுக்க வாசிக்கச் சொன்னார். நான் எடுத்தேன்.

“நீங்க வேணாம். அவங்க வாசிக்கட்டும்.”

டாக்டரம்மா வாசித்து முடித்த பிறகுதான் விரலை வைத்தார்.

பிழை என்னுடையது என்று அரசாங்கப் பிரஜாவுரிமைக் கந்தோருக்கு எழுதிக்கொடுத்தேன். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். தவணைக்குப் பிந்தியது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். பதிலே வரவில்லை. அதன்பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் என் டிஸ்பென்சரிப் பக்கம் வரவில்லை. ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் கண்டால் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிடுவார். அது பேசாமல் போவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அறுபதுகளின் நடுவில் இலங்கையும் இந்தியாவும் எங்கள் மக்களைப் பங்கு போட்டுக்கொண்டன. இங்கே இனி வழியில்லை என்று அவர் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்து, புறப்படும் நாளும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, லயத்துக்குப் போனேன்.

“அங்க உங்களுக்கு யாரு இருக்காங்க?”

“யாருமில்லங்க.”

பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்திருந்தார்கள். இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சாமான்களைச் சாக்கில் திணித்துக்கொண்டே, “சரிங்க,” என்றார். உட்காரச் சொல்லவில்லை.