பத்து மீட்டர் தூரமும் ஒரு நடுங்கும் கையும்

"கை நடுங்கத்தாம்ல செய்யும். நீ மட்டும்…" என்று எங்கள் பெரியப்பா பேச்சோடு பேச்சாக ஏதோ சொல்வார். நீ மட்டும் என்ன செய்ய வேண்டும் என்கிற மீதி எனக்கு மறந்துவிட்டது. ஞாபகமிருக்கிற பாதியை வைத்துக்கொண்டுதான், மஸ்கட் வேலையை விட்டு வந்தபிறகு தூத்துக்குடியில் ஏர் பிஸ்டல் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். முதல் குண்டு நடுவில் விழுந்து, இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, ஒரு தடவை நடுவில் அடிப்பது யாருக்கும் வாய்க்கும். அதையே மறுபடி அடிக்கச் சொன்னால்தான் வியர்க்கும்.

எனக்கும் ஓர் ஆசை உண்டு. மூத்தோர் பிரிவில் ஒரு தடவையாவது மாநிலப் போட்டியில் நிற்க வேண்டும். அதற்கு மதுரைத் தகுதிச்சுற்றைத் தாண்ட வேண்டும். வருஷா வருஷம் கடைசிக் குண்டுகளில் கோட்டை விடுவேன். காரணமும் தெரியும். தூக்கிய கை கொஞ்ச நேரத்தில் நிலைக்கவில்லையென்றால் சுடாமல் இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லித்தருகிறேன். நான் மட்டும் இறக்கியதே கிடையாது.

அலை

சேவியர் அண்ணாச்சி துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவர். பிஸ்டலைத் தூக்கினால் குழல் நுனியிலுள்ள முன்குறி இப்படியும் அப்படியும் ஆடும். எல்லோருக்கும் ஆடும். அது ஆடிக்கொண்டிருக்கும்போதே ட்ரிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். குண்டு எப்போது போனதென்று நமக்கே தெரியக் கூடாது.

அண்ணாச்சியோ முன்குறி நடுவைக் கடக்கும் நேரம் பார்த்து வெடுக்கென்று இழுப்பார். குண்டு பத்து மீட்டர் தள்ளியிருக்கும் குறி அட்டையின் மூலைக்குப் போய்விடும். "நேரம் பாக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். சிமெண்டுத் தரையிலும் முழங்காலை லேசாக மடக்கி நின்றவர் சொன்னார்: "தம்பி, கப்பல் ஏணியில காலு வைக்கணும்னா அலை தூக்குத நேரம் பாத்துத்தான் வைக்கணும். பாக்காம வச்சவன் எவனும் ஒங்ககிட்ட படிக்க வரமாட்டான்!"

பெட்டி

முருகேசன் முத்தையாபுரத்துக்காரன், கிரேன் ஆபரேட்டர். நாள் முழுக்கக் கீழே தூரத்தில் தொங்கும் கன்டெய்னரைப் பார்த்துப் பழகிய கண். இங்கே வந்தும் அட்டையையே முறைத்தான். அட்டை மங்கலாகத் தெரியட்டும், முன்குறிதான் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றேன். ஒரு வாரம் முயன்றான். சும்மா சொல்லக் கூடாது, குண்டுகள் பக்கம் பக்கமாக விழ ஆரம்பித்தன. முகம் மட்டும் தெளியவில்லை.

"நல்லா வருதுல்லா, அப்புறம் என்ன?" என்றேன்.

"வருது அண்ணாச்சி. ஆனா இதே பழக்கத்துல நாளைக்கு கிரேன்ல பாத்துட்டேன்னு வைங்க, பெட்டி கப்பல்ல எறங்காது, கடல்லதான் எறங்கும்!"

சராசரி

எஸ்தர் டீச்சர் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வருவார். கணக்கு டீச்சர். நிற்பது, பிடிப்பது, மூச்சு எல்லாம் சுத்தம். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு உதடு அசையும். போன குண்டைக் கூட்டிக்கொண்டே அடுத்ததைச் சுடுவார், அது தவறும்.

"போனது போச்சு, டீச்சர். இப்போ கையில இருக்கிற குண்டை மட்டும் நினைங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "கூட்டக் கூடாதுன்னா கூட்டல சார். ஆனா சராசரி அதுவா வருதே!"

சுவர்

வீட்டில் குண்டு போடாமல் வெற்றுச் சுவரைக் குறிபார்த்து ட்ரிக்கர் அழுத்திப் பழகுவேன். பார்க்க அட்டை இல்லாததால் கண் முன்குறியை விட்டு நகராது. கை நிலைப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. என் மனைவிக்கு அது பிடிக்காது. அன்றைக்குக் கை நிலைக்கவில்லை. நானும் விடவில்லை. காப்பியோடு வந்து நின்று பார்த்தாள்.

"கைதான் ஆடுதுல்லா? எறக்கி வச்சுட்டு இதக் குடிங்க. சுவரு எங்கயும் போயிராது."

மதுரை

இந்த வருஷத் தகுதிச்சுற்றுக்கு அவர்கள் மூவரும் என் மனைவியும் கூட வந்தார்கள். கடைசிக் குண்டுக்கு முன் தெரியாத்தனமாகத் திரும்பிவிட்டேன். எஸ்தர் டீச்சரின் உதடு அசைவது நின்றிருந்தது. முகத்திலேயே கணக்கு தெரிந்தது: இது நடுவில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

சுட்டு முடிக்க ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். தூக்கினேன். முன்குறி ஒரு கணம் நின்றது, பிறகு ஆடத் தொடங்கியது. தோள் கனத்தது. நடுவைக் கடக்கும்போது இழுத்துவிடு என்று விரல் துடித்தது. பின்னாலிருந்து சேவியர் அண்ணாச்சி, "அலை வருது… வருது…" என்று முணுமுணுக்க, என் மனைவி "ஸ்ஸ்" என்று அடக்கினாள்.

சுவர் போகாது, கடிகாரம் போய்க்கொண்டிருந்தது.

கையை இறக்கி, பிஸ்டலை மேசைமேல் வைத்து, மூச்சை விட்டேன்.